வாலி வதையை வகுப்பில் விவாதிப்பது எப்படி?

இராமாயணத்தை முதன்முறையாகக் கற்பிக்க முற்படுவோர் பலரும் முழுக் கதையையும் சொல்லி முடிக்கவே விரைகின்றனர். 12 வயதைக் கடந்து, ஏன் என்று கேட்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகளுக்கு அது போதாது. கிட்கிந்தா காண்டத்து வாலி வதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வகுப்புகள் நடத்துங்கள்.

முதல் வகுப்பு கதைக்கு உரியது. மாயாவியைத் துரத்திக் குகைக்குள் சென்ற வாலி இறந்துவிட்டான் என்று எண்ணிச் சுக்கிரீவன் வாயிலைப் பாறையால் அடைத்ததையும், மீண்டு வந்த வாலி தம்பியை விரட்டி, அவன் மனைவி உருமையையும் கவர்ந்துகொண்டதையும், இருவர் பக்கமும் சாயாமல் சொல்லுங்கள். சுக்கிரீவனுக்காக இராமன் மறைந்து நின்று எய்த அம்பு மார்பில் பாய, அதைக் கையால் பிடித்து, அதில் இராமனின் பெயரை வாலி காணும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, வாலி இப்போது என்ன கேட்பான் என்று ஒவ்வொருவரையும் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்பே இம்முறையின் உயிர். இதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வாலியின் கேள்விகளும் இராமனின் மறுமொழிகளும் அடங்கிய பத்துப் பன்னிரண்டு கம்பன் பாடல்களைச் சந்தி பிரித்து எழுதிக் கொடுத்து, உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பிறகு, கம்பன் கழக மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய வழக்காடு மன்றத்தை வகுப்பிலேயே அமையுங்கள். வாலிக்கு ஓர் அணி, இராமனுக்கு ஓர் அணி, சாட்சியாக வாலியின் மனைவி தாரையும் சுக்கிரீவனும் போதும். எந்த வாதத்துக்கும் ஒரு பாடலைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே விதி. பாதி நேரத்தில் அணிகளை இடம் மாற்றுங்கள். தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். தொடக்கத்தில் நான் தீர்ப்புச் சொல்லிவந்தேன். அதைக் கேட்டவுடன் பிள்ளைகள் சிந்திப்பதை நிறுத்திவிட்டதைக் கண்டே அவ்வழக்கத்தைக் கைவிட்டேன்.

வாதம் சூடுபிடித்ததும் வான்மீகியை அருகில் வையுங்கள். வேட்டையாடுவோர் மறைந்து நின்றும் விலங்கை எய்வதுண்டு என்று அங்கே இராமனே விடை சொல்கிறான். கம்பனிலோ, மறைந்து நின்றது ஏன் என்ற கேள்விக்கு இலக்குவன் விடையளிக்கிறான்: உன் தம்பி முன்பே சரண் புகுந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் சரண் புகக்கூடும் என்பதால் இராமன் மறைந்து எய்தான் என்கிறான். இந்த விடையைக் கம்பன் ஏன் ஒரு தம்பியின் வாயில் வைத்தான் என்று கேட்டுப் பாருங்கள். உடன்பிறந்தோர் உள்ள பிள்ளைகள் அதன்பின் ஓய மாட்டார்கள்.

மூன்றாம் வகுப்பில், தந்தையை வீழ்த்தியவனின் கையிலிருந்தே உடைவாளைப் பெறும் வாலியின் மகன் அங்கதனாகத் தங்களை எண்ணி ஒரு கடிதம் எழுதச் செய்யுங்கள். நடிக்க விரும்புவோருக்கு அட்டையில் வெட்டிய நிழற்பாவைகளும் ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும் போதும்.

இறுதியாக, என் தம்பி மது மயக்கத்தில் தவறு செய்தாலும் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் ஏவிவிடாதே என்று வாலி இராமனிடம் வேண்டும் பாடலைப் படித்துக் காட்டுங்கள். சற்று நேரம் அமைதியாக இருக்க விட்டு, முதல் நாள் ஏட்டில் எழுதிய கேள்வியை எடுத்து, அதே கேள்வியை இன்றும் கேட்பார்களா என்று அதன் கீழே எழுதச் சொல்லுங்கள்.