குளிர்காய விறகா, கேஸா?

கோத்தகிரி பக்கம் மூன்று அறை வைத்து விருந்தினர்களைத் தங்க வைக்கிறேன். போன் செய்பவர்கள் ரூம் வாடகைக்கு முன்னால் கேட்பது, "கேம்ப் ஃபயர் உண்டா?" என்பதைத்தான். விறகிலும் உண்டு, கேஸிலும் உண்டு. நான் இரண்டுக்கும் செலவு செய்துவிட்டேன், நீங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் யோசிக்க வேண்டியது, தீ பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்பது. விறகு பற்றி, புகை அடங்கி, தணல் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு அது சரிப்படாது, கேஸ்தான். சாப்பாடு, பாட்டு, அரட்டை என்று மூன்று மணி நேரம் ஓடுமென்றால் விறகு. விறகின் நல்ல சூடெல்லாம் தணலில்தான் இருக்கிறது. அது முழங்கால், பாதம் வரைக்கும் வந்து சேரும். கேஸ் சூட்டில் பெரும்பகுதி நேராக மேலே போய்விடும். கேஸ் அடுப்பை முதன்முதலாக ஏற்றிய இரவில் ஒரு பாட்டி சால்வைக்குள்ளிருந்து கேட்டார்: "ஏன் தம்பி, இதை டிவியில போட்டாலும் இதே சூடுதானே?"

எங்கள் பர்னர் மணிக்கு 50,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு). முழுதாகத் திறந்தால் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் குடிக்கும், 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் பதினாறு மணி நேரம் வந்தால் அதிகம். டிசம்பர், ஜனவரி குளிரில் சிலிண்டரும் நடுங்கும். உள்ளே கேஸ் இருந்தும் சுவாலை சுருங்கிவிடும். வாடகைக்கு விடும் இடத்தில் வீட்டு சிலிண்டரை மாட்டாதீர்கள், சட்டப்படி குற்றம்.

கேஸுக்குக் கட்டும்போது இரண்டு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் குழியில்தான் தேங்கும். அதனால் தரைக்குக் கீழே தோண்டாமல் மேடையாகக் கட்டி, அடியில் காற்றுத் துளைகள் விடுங்கள். காற்றில் தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் வால்வும் கட்டாயம். அப்புறம், மேலே பரப்பும் கல். அழகாக இருக்கிறதே என்று ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டேன். உள்ளே ஊறியிருந்த ஈரம் சூடேறி ஒன்று பட்டாசு மாதிரி வெடித்தது. நல்லவேளை, நாற்காலிகள் காலி. இப்போது எரிமலைக் கல்தான்.

விறகுக்கு எங்கள் பக்கம் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கிடைக்கும். எனக்குச் சீகை பிடிக்கும், நின்று எரியும். கற்பூர மரம் சூடு அதிகம்தான், ஆனால் பொறி தெறிக்கும், நைலான் ஜாக்கெட்டில் ஓட்டை விழும். சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். விறகை வாங்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது. தொப்பென்று கேட்டால் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் அன்று விருந்தினர்கள் குளிர்காய மாட்டார்கள், கண்ணைக் கசக்குவார்கள். ஒரு சாயங்காலத்துக்கு எனக்கு இருபது கிலோ ஆகிறது. மழைக்காலத்துக்கு வேண்டியதைக் கோடையிலேயே கூரைக்கடியில் அடுக்கிவிடுவேன்.

பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்து கிடக்கும். அப்போதிலிருந்து மழை விழும் வரை விறகு மூட்டுவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும் கேஸ்தான். மற்ற மாதங்களிலும் காற்று அடித்தால் அப்படியே. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிவிட்டுத்தான் படுக்கப் போவேன். காலையில் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளுகிறேன். ஒருமுறை ஆறிவிட்டது என்று நினைத்து பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளினேன், பத்து மணிக்கு அதற்கு அடிப்பாகம் இல்லை.