விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போடும் முன்

பெங்களூரு அல்சூர் பக்கம் பூர்வீக வீடு இருக்கிற இந்துக் குடும்பமா? "சும்மா ஒரு கையெழுத்து போடும்மா" என்று அண்ணன் விடுதலைப் பத்திரத்தை (சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) நீட்டினால் காபியைக் குடியுங்கள், பேனாவைத் தொடாதீர்கள். பிறந்ததுமே மகனுக்குப் பங்கு என்ற பழைய இந்துச் சட்டத்தின் மிதாக்ஷரா கொள்கை மகளை வெளியே நிறுத்தியது. கர்நாடகம் 1994-இல் அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம்தான் கல்யாணமானவளையும் உள்ளே விட்டது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, முதலில் கர்நாடகப் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள் (கன்னடம் படிக்க வராவிட்டால் மேல்வீட்டு அக்கா எதற்கு இருக்கிறார்?), 20.12.2004-க்கு முன் பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் கஷ்டம், அந்தத் தேதிக்கு முந்தைய பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடென்றால் கணக்கே வேறு, உயில் ஏதாவது எழுதினாரா என்று அம்மாவிடம் கேளுங்கள்.