செத்த பிளவா, தூங்கும் பிளவா? நிலநடுக்கக் கோடுகளைப் படிப்பதில் நேரும் தவறுகள்

பள்ளியில் எரிமலைகளை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை. அதே பழக்கத்தில் நிலப்பிளவுகளையும் பார்த்துவிடுகிறோம். இரண்டு பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடம்தான் பிளவு. நகர்ந்தால் செயல்படும் பிளவு, நின்றுபோனால் செயலற்றது. கேட்க என்னவோ சுலபமாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பிளவுகள் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடந்துவிட்டு, சில நொடிகளில் ஒன்றிரண்டு மீட்டர் நகர்பவை. நாம் போய்ப் பார்க்கிற நாளில் எல்லாமே செத்த மாதிரிதான் தெரியும்.

‘இங்கே யாருக்கும் நிலநடுக்கம் நினைவில் இல்லையே’ என்பதுதான் பலரும் முதலில் சொல்வது. நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவு சுமார் 600 கிலோமீட்டர் நீளம். ஐரோப்பியர்கள் அங்கே குடியேறி எழுத்தில் பதிவு வைக்கத் தொடங்கிய பிறகு அதில் பெரிய நிலநடுக்கம் ஒன்றுகூட வரவில்லை. கடைசியாக அது பெரிதாக அசைந்தது 1717இல். பதிவேட்டை மட்டும் நம்பினால் சாதுவான பிளவு என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஹோகூரி ஓடைக்கரையில் சேறும் கரிமண்ணும் மாறி மாறிப் படிந்த அடுக்குகளை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, சுமார் 8,000 ஆண்டுகளில் 24 தடவை அது உடைந்திருந்தது. அதாவது சராசரியாக 330 ஆண்டுக்கு ஒருமுறை. 1717இலிருந்து இன்றைக்கு எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, ‘செயலற்றது’ என்ற முத்திரையைப் பாறையின் குணமாக எடுத்துக்கொள்வது. உண்மையில் அது மனிதர் போட்ட ஒரு தேதிக்கோடு. 1971இல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் அடிபட்ட கலிபோர்னியா, மறு ஆண்டே பிளவின் மேல் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி கடந்த 11,700 ஆண்டுகளுக்குள் அசைந்திருந்தால்தான் செயல்படும் பிளவு. ஜப்பானில் அணு உலைக்கு இடம் பார்க்கும்போதோ 1,20,000 முதல் 1,30,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன் அசைந்த ஒரே பிளவு ஒரு விதியில் செத்தது, இன்னொன்றில் உயிரோடு இருப்பது. வீடு இடிந்தால் ஒரு குடும்பம், உலை உடைந்தால் ஒரு மாகாணம். கோடு இடம் மாறுவதில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சுருகா நிலையத்தின் 2ஆம் உலையைத் திரும்ப இயக்க அனுமதி மறுத்தது. உலைக் கட்டடத்தின் அடியில் செயல்படும் பிளவு இருக்கும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்பது காரணம். இருக்கிறது என்று யாரும் நிரூபித்தாக வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, கடைசியாக எப்போது அசைந்தது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? குழி தோண்டித்தான். பிளவுக்குக் குறுக்கே ஓர் ஆள் உயரத்துக்கும் ஆழமாக நீளக் குழி வெட்டி, பக்கச் சுவரைக் கரண்டியால் சுரண்டி வழவழப்பாக்கி, ஆணி அடித்து நூல் கட்டிக் கட்டம் போடுவார்கள். ஆற்று மணல், களிமண், கூழாங்கல், மேலே வேரோடிய கறுப்பு மண் என்று சுவரில் வரிவரியாகத் தெரியும். கீழேயிருந்து ஏறி வரும் வெடிப்பு ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். அதற்கு மேலுள்ள வரி முழுசாக இருக்கும். வெட்டுப்பட்ட வரி நிலநடுக்கத்துக்கு முந்தையது, வெட்டுப்படாதது பிந்தையது. இரண்டிலும் மரக்கரித் துணுக்கு கிடைத்தால் கார்பன் முறையில் வயது பார்க்கலாம்.

மோசமான தவறுகள் நடப்பதும் இந்தக் குழிக்குள்தான். ‘மேல் மண் உடையவில்லை, ஆகவே பிளவு செத்துவிட்டது’ என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். மேல் மண்ணுக்கு என்ன வயது என்று யார் கேட்பது? அது போன 400 ஆண்டுகளில் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலாக இருந்தால், அந்தச் சுவர் சாட்சி சொல்வது 400 ஆண்டுகளுக்கு மட்டும். அதற்கு முன் நடந்ததைப் பற்றி அது வாயே திறக்காது. அப்புறம், கரித் துணுக்கின் வயதும் ஏமாற்றும்: மலையில் என்றோ எரிந்த பழைய மரத்தின் கரி வெகுகாலம் கழித்து அடித்து வரப்பட்டுப் புது மணலில் புதைந்திருக்கலாம். வேர் போன தடம், காய்ந்து வெடித்த களிமண், சரிவில் நழுவிய மண் இவையும் பிளவுபோல வேஷம் போடும். ஒரே குழியை நம்பித் தீர்ப்பு எழுதுகிறவரை நான் நம்பமாட்டேன்.

நிலத்தோற்றத்தை வைத்து முடிவெடுப்பதில் வேறு மாதிரிப் பிசகு. செங்குத்தான பாறைச் சுவரைப் பார்த்ததும் ‘ஆகா, பிளவு உயிரோடு இருக்கிறது’ என்கிறார்கள். ஒருபுறம் கெட்டிப் பாறை, மறுபுறம் மென்பாறை என்றால், அசைவு நின்று பல யுகம் ஆன பின்னும் மழை மென்பாறையை மட்டும் அரித்து அப்படியொரு சுவரை எழுப்பிவிடும். பார்க்க வேண்டியது இளசான எதையாவது பிளவு வெட்டியிருக்கிறதா என்பதை. கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் வாலஸ் ஓடை இதற்கு நல்ல பாடம். மலையிலிருந்து நேராக வரும் ஓடை, சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பி, பிளவை ஒட்டியே சுமார் 130 மீட்டர் ஓடி, மறுபடி திரும்பித் தன் வழியில் போகிறது. ஓடை வளையவில்லை, அடியிலுள்ள நிலம்தான் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த 130 மீட்டருக்குச் சுமார் 3,700 ஆண்டு ஆகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 3.5 சென்டிமீட்டர்தான்.

நிலநடுக்கமே இல்லாமல் அரிப்பெடுத்த மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும் பிளவுகளும் உண்டு. அதே மாநிலத்தின் ஹேவர்டு பிளவு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஊர்கிறது. ஹேவர்டு நகரத்துத் தெருமுனை ஒன்றில் நடைபாதை விளிம்புக்கல் ஆண்டுக்கு ஆண்டு விலகுவதை 1970களிலிருந்து படமெடுத்து வந்தார்கள். 2016இல் மாநகராட்சி ஆட்கள் அதை உடைத்து ஒழுங்காகச் சரிவுப்பாதை போட்டுவிட்டார்கள்! புவியியலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஊர்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. 1868இல் பெரிய நிலநடுக்கம் தந்ததும் இதே பிளவுதான்.

வரைபடத்தில் கோடு இல்லாவிட்டால் பிளவே இல்லை என்ற நம்பிக்கையை 2010 செப்டம்பர் 4 அன்று கிரீண்டேல் பிளவு உடைத்தது. நியூசிலாந்தின் கேன்டர்பரி சமவெளியில் ஆறுகள் கொட்டிய சரளைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கிடந்த அது, 7.1 அளவு நிலநடுக்கத்தில் வயல்களையும் வேலிகளையும் ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குக் கிழித்துக் காட்டியது. இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது: செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நேர்கோடெல்லாம் பிளவு என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது. பாதிக் கோடுகள் பழைய வாய்க்காலும் வண்டித்தடமும்.

பிளவு கிழடாகிவிட்டால் பயமில்லை என்பதையும் நம்பவேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்துப் பழைய பாறை முறிவுகள் 50 கோடி ஆண்டு வாக்கில் உண்டானவை. ஆனாலும் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தைச் சுமார் 6 அளவு நிலநடுக்கம் குலுக்கியது. பழைய பிளவு என்பது தைத்த துணியில் தையல் மாதிரி. வேறு பக்கமிருந்து இழுத்தாலும் முதலில் விடுவது அங்கேதான். பிரான்சின் லெ தேய் ஊரருகே லா ரூவியேர் பிளவு 2, 3 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலம் இழுபட்ட காலத்தில் உண்டானது. இப்போது அந்தப் பகுதியை அமுக்கம் நெருக்குகிறது. 2019 நவம்பர் 11 அன்று அதே பிளவு எதிர்த்திசையில் நகர்ந்தது. அளவு 4.9தான், ஆனால் நிலத்துக்கு மிக அருகில் நடந்ததால் மேல்மண் வரை கிழிந்து, ஊரில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சேதமாயின. செயல்படும் பிளவு என்று யாரும் அதைக் கணக்கில் வைத்திருக்கவில்லை. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருந்த குருவாஸ் அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த 3 உலைகளையும் சோதனைக்காக நிறுத்தினார்கள்.