தான்சானியாவில் முதல் ஏழு நாள்: பீஸ் கோருக்குக் கிளம்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

பீஸ் கோர் என்பது வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் திட்டம். அதில் சேவை மொத்தம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி. எனக்குத் தாங்க முடியாமல் போனது அதன் முதல் வாரம்தான். காலையில் தடுப்பூசி, பிறகு பாதுகாப்பு வகுப்பு, மத்தியானம் அந்த நாட்டு மொழியான சுவாஹிலி, சாயங்காலமானால் தங்குவதற்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீடு. மூன்றாம் நாள் ராத்திரி கொசுவலைக்குள் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கும் அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஊர் திரும்பும் முடிவை மட்டும் அந்த வாரத்தில் எடுக்காதீர்கள்.

கையில் கொடுக்கும் காகிதக் கட்டு கிடக்கட்டும். முதலில் வணக்கம் சொல்லப் பழகுங்கள். பெரியவர்களைப் பார்த்ததும் 'ஷிகாமோ' என்றால் அவர்கள் 'மரஹாபா' என்பார்கள். ஒரு வீட்டு வாசலில் 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து 'கரிபு' வந்த பிறகே படியேறுங்கள்.

அடுத்தது கடிகாரம். அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் தாத்தா காலத்து நாழிகைக் கணக்குப் போல. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி, 'ஸா மோஜா'. சொன்ன நேரத்தோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் 'ஸா ம்பிலி'யை மத்தியானம் இரண்டு என்று நினைத்துப் படுத்திருந்தேன். காலை எட்டு மணிக்கே வீட்டு மாமா கையில் குடையோடு வாசலில் காத்து நின்றார். மாமா என்றால் அங்கே அம்மா.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. 'படிக்கிறேன்' என்பதைப் பிரித்தால் படி, க்கிறு, ஏன்: வினை, காலம், ஆள். அதையே சுவாஹிலியில் சொல்லும் 'நினாசோமா'வில் இதே மூன்றும் பின்னிருந்து முன்னாக வரும். 'நி' நான், 'னா' நிகழ்காலம், 'சோமா' படி. 'னா'வை எடுத்துவிட்டு 'லி' போட்டால் படித்தேன், 'டா' போட்டால் படிப்பேன். இது பிடிபட்ட பிறகு மொழி வகுப்பில் எனக்கு பயம் போய்விட்டது.

மலேரியா வராமலிருக்க டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் சாப்பிட்ட பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். உடனே படுத்தால் நெஞ்சு எரியும். அந்த மாத்திரைக்கு வெயிலும் ஆகாது, தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். போகிற வீட்டில் கொடுக்கும் தண்ணீரை மறுக்கக் கூச்சமாக இருந்தால் சாய் கேளுங்கள், அது கொதித்து வருவது.

சாயங்காலம் அறைக்குள் அடைந்துவிடாமல் அடுப்படிக்குப் போங்கள். கொதிக்கிற தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி மாமா உகாலி கிண்டுவார், நம் கேழ்வரகுக் களி மாதிரியே. என்னிடம் மரத்துடுப்பைக் கொடுத்தார், மாவு கட்டி தட்டியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கட்டியைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தித் திருப்பினார். தண்ணீர் மாஜி, நெருப்பு மோட்டோ, உப்பு சும்வி. வகுப்பில் எழுதி எழுதி மறந்த சொற்கள் அந்தப் புகைக்குள் ஒட்டிக்கொண்டன.

வீட்டுக்குப் போன் பண்ணுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அழுகையைத் தவிர வேறு ஏதாவது சொல்ல இருக்கும். நான் அம்மாவிடம் முதலில் சொன்னது, களி கிண்டத் தெரிந்துவிட்டது என்பதைத்தான்.