நாச்சி அருவிக்குப் போறீங்களா? துண்டை வீட்டிலேயே வையுங்க

அருவி என்றால் நமக்குக் குளியல்தான். கோவைக் குற்றாலமோ, திருமூர்த்திமலைப் பஞ்சலிங்க அருவியோ, எண்ணெயும் துண்டுமாகத்தான் கிளம்புவோம். ஜப்பானில் வாகயாமா மாகாணத்து நாச்சி அருவியில் அது நடக்காது. 133 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீரே அங்கே மூலவர். அடிவாரத்து ஹிரோ ஜின்ஜா ஆலயத்தில் கருவறை கிடையாது, சிலை கிடையாது. தோரி என்கிற தோரண வாசலில் நின்றால் எதிரே அருவி, அவ்வளவுதான். அதன் உச்சியில் வைக்கோல் வடம் கட்டியிருப்பார்கள். புனித எல்லைக்கு அடையாளம் அது.

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினால், ஒசாகா நகருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் ஹினேனோ வந்து, குரோஷியோ எக்ஸ்பிரஸில் கீ-கத்சுவுரா வரை போகலாம். பலர் ஏமாறும் இடம் இதுதான்: குரோஷியோ ரயில்களில் பல, பாதி வழியில் ஷிராஹாமாவோடு நின்றுவிடும். கத்சுவுராவைத் தாண்டி ஷிங்கூ வரை போகிற வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். நகோயாவிலிருந்து நான்கி எக்ஸ்பிரஸில் வருகிறவர்களிடம் ஜேஆர் பாஸ் இருந்தாலும், நடுவில் இசே ரயில்வே பகுதிக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கத்சுவுரா ஸ்டேஷனிலிருந்து மலைக்கு அரை மணி நேர பஸ். நேரே அருவி வாசலில் இறங்கிவிடாமல், முன்னாலேயே தாய்மோன்சாகா நிறுத்தத்தில் இறங்குங்கள். பெரிய தேவதாரு (cedar) மரங்களுக்கு நடுவே 267 கல்படிகள். அதன்பின் கடைகளை ஒட்டி இன்னும் நானூற்றுச் சொச்சம் படிகள் ஏறினால் நாச்சி தாய்ஷா ஆலயமும், ஒட்டினாற்போல செய்கான்தோஜி புத்தர் கோயிலும். அங்கிருந்து அருவிக்கு இறக்கம்தான். திரும்பும் பஸ்ஸை அருவி வாசலிலேயே பிடிக்கலாம். முட்டிவலிக்காரர்கள் மட்டும் பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம். பஸ் அடிக்கடி கிடையாதுங்க, இறங்கின உடனே திரும்பும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலய வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவுங்கள், பிறகு கைமாற்றி வலக்கையை. மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் ஊற்றிய நீரால் வாய் கொப்பளித்து, அந்தக் கையை இன்னொரு முறை கழுவ வேண்டும். அகப்பை உதட்டில் படக்கூடாது. அண்ணாந்து குடிக்கும் நமக்கு இது கஷ்டமில்லை. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து காம்பும் சுத்தமாகும்.

தாய்ஷாவிலும் ஹிரோவிலும் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். செய்கான்தோஜியில் கைதட்டக் கூடாது. நம் ஊர்ப்படி கைகூப்பினால் போதும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தோரி வாசல் இருந்தால் ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோ, ஊதுபத்திக் கலயம் இருந்தால் பௌத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1868க்கு முன்பு இரண்டையும் இங்கே ஒன்றாகத்தான் கும்பிட்டார்கள். மெய்ஜி அரசு வந்துதான் பிரித்தது.

செய்கான்தோஜியின் இப்போதைய மண்டபம் 1590இல் அன்றைய ஆட்சியாளர் ஹிதேயோஷி கட்டித் தந்தது. மூலவர் கன்னோன், அதாவது கருணையின் போதிசத்துவரான அவலோகிதர். இந்தியாவிலிருந்து கடலில் அடித்துவரப்பட்ட துறவி ஒருவர் இங்கே தவமிருந்தார் என்பது தலபுராணம். பஸ் போகும் வழியில், நாச்சி ஸ்டேஷன் பக்கம், ஃபுதராகுசான்ஜி கோயில் இருக்கிறது. அவலோகிதர் வாழ்வதாக நம்பிய பொதலக மலையைத் தேடித் துறவிகள் மூடிய படகில் தெற்கே கடலுக்குள் போன இடம் அது. அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. நம்மவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

சைவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதே நல்லது. கத்சுவுரா சூரை மீன் துறைமுகம்; வெறும் காய்க்குழம்பாகத் தெரிவதிலும் மீன் சாறு இருக்கும். கடைகளில் கிடைக்கும் உமேபோஷி (உப்பில் ஊறிய பிளம் ஊறுகாய்) வைத்த சோற்றுருண்டை ஓரளவு கைகொடுக்கும்.

ஜூன், ஜூலை மழைக்காலம், செப்டம்பரில் புயல். தாய்மோன்சாகா படிகளில் பாசி பிடித்திருக்கும், ரப்பர் செருப்பு வழுக்கிவிடும், ஷூ போடுங்கள். புயலென்றால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள், ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். ஜூலை 14 தீப்பந்தத் திருவிழா. அன்றைக்குப் போவதானால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்தாக வேண்டும்.