கார்னெட், பயோடைட் இணையைக் கொண்டு உருமாறிய பாறையின் வெப்பநிலையைக் கணித்தல்

புவிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிப்போன ஓர் உருமாறிய பாறை எந்த வெப்பநிலையில் உருவானது என்பதை முதன்முதலாகக் கணிக்க முற்படுபவர், கார்னெட் என்ற கனிமமும் கருநிற மைக்கா வகையான பயோடைட்டும் சேர்ந்திருக்கும், தகடு தகடாகப் பிளவுபடும் சிஸ்ட் பாறையை எடுத்துக்கொள்வது நல்லது.

கணக்கில் இறங்குமுன், 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துக் கனிமங்களை அடையாளம் காண வேண்டும். புவியியலாளர் ஜார்ஜ் பாரோ 1893இல் தொடங்கி ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பாறைகளில் காட்டிய வரிசையில் வெப்பம் ஏற ஏற பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் ஆகிய கனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. சில்லிமனைட் நிலைத்திருக்க ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை என்பதால், அது தென்பட்டாலே கீழ் எல்லை ஒன்று கைக்கு வந்துவிடும்.

கார்னெட்டும் பயோடைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. வெப்பம் கூடும்போது கார்னெட் மேலும் மக்னீசியத்தை ஏற்கிறது. இப்பரிமாற்றத்தை ஃபெரி, ஸ்பியர் என்ற ஆய்வாளர்கள் 550 முதல் 800 டிகிரி வரை சோதனைக்கூடத்தில் அளந்து, 1978இல் சமன்பாடாக வெளியிட்டனர். கார்னெட்டின் மக்னீசியம்–இரும்பு விகிதத்தை (எடையில் அல்ல, அணுக்களின் எண்ணிக்கையில்) பயோடைட்டின் அதே விகிதத்தால் வகுத்து, வரும் எண்ணின் இயற்கை மடக்கையை எடுங்கள். அதை 5.961ஆல் பெருக்கி, 4.662இலிருந்து கழியுங்கள். பார் அலகிலுள்ள அழுத்தத்தை 0.057ஆல் பெருக்கி 12454உடன் கூட்டி, அத்தொகையை முன்னர் கிடைத்த எண்ணால் வகுத்தால் கெல்வின் வெப்பநிலை வரும். வகுத்து வரும் எண் 0.15, அழுத்தம் 5000 பார் எனில் விடை ஏறத்தாழ 798 கெல்வின், அதாவது 525 டிகிரி செல்சியஸ். அழுத்தத்தில் 1000 பார் பிழைத்தாலும் விடை நான்கு டிகிரிக்குள்தான் மாறும் என்பது இம்முறையின் பெரும் வசதி.

உண்மையான கடினம் எந்தப் புள்ளியை அளப்பது என்பதில்தான் இருக்கிறது. என் கருத்தில், சமன்பாட்டைவிட இத்தேர்வுக்கே அதிக நேரம் தர வேண்டும். வளர்ந்த காலத்து அடுக்குகளைத் தாங்கிய கார்னெட்டில் மாங்கனீசு நடுவில் மிகுந்து, வெளிநோக்கிக் குறைந்துகொண்டே வரும். கடைசி விளிம்பில் அது திடீரென மீண்டும் ஏறினால், பாறை குளிரும்போது கார்னெட் கரைந்து, விளிம்பின் சேர்மானம் மாறிவிட்டது என்று கொள்ள வேண்டும். அப்போது சற்று உள்ளே, மாங்கனீசு மிகக் குறைந்த இடத்தை அளந்து, கார்னெட்டைத் தொடாமல் தள்ளியிருக்கும் பயோடைட்டோடு இணைக்க வேண்டும். பயோடைட், குளோரைட் என்ற பச்சைநிறக் கனிமமாக மாறத் தொடங்கியிருந்தால் அந்தத் துகளை விட்டுவிடலாம். கார்னெட்டில் கால்சியமும் மாங்கனீசும் மிகுந்திருந்தால் இந்தச் சமன்பாடு அப்படியே பொருந்தாது. அவற்றுக்குத் திருத்தம் சேர்த்த பிற்கால வடிவங்களை நாட வேண்டும்.

மிக உயர்ந்த வெப்பத்தில் உருமாறிய கிரானுலைட் பாறைகளில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். மதுரைப் பகுதிக் கிரானுலைட்டுகளில் சஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்கள் உண்டு. அந்தச் சேர்க்கை 900 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைக் காட்டுகிறது. அத்தகைய பாறையில் கார்னெட்–பயோடைட் கணக்கு அதைவிட வெகுவாகக் குறைந்த விடையைத் தந்தால், அது பாறையின் உச்ச வெப்பமன்று. குளிரும் வழியில் பரிமாற்றம் நின்றுபோன வெப்பநிலையே அது. எனவே அங்கே ரூட்டைல் என்ற டைட்டானியம் கனிமத்தில் உள்ள சிர்க்கோனியத்தின் அளவு போன்ற வேறொரு வெப்பமானியையும் சேர்த்துப் பார்த்து, எந்த முறையானாலும் விடையை ±50 டிகிரி என்ற வரம்போடு குறிப்பிடுங்கள்.