எக்செல் மேக்ரோ: எச்சரிக்கை வேறு, பிழை வேறு

மேக்ரோ (எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஒரு ஷீட்டை அழிக்கப் போகும்போது ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று எக்செல் கேட்டு நிற்கும். டிலீட் வரிக்கு முன்னால் அப்ளிகேஷன்.டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் = ஃபால்ஸ் என்று போட்டால் கேட்காது. டிலீட் முடிந்த அடுத்த வரியிலேயே அதைத் திரும்ப ட்ரூ ஆக்கிவிடுங்கள். மேக்ரோ முடிந்ததும் எக்செல் தானாகவே ட்ரூ ஆக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் சேவ்‌ஆஸ் வந்தால், அதே பெயரில் இருக்கும் பழைய ஃபைலின் மேல் கேட்காமலே எழுதிவிடும். போனது போனதுதான்.

இது கேள்விகளை மட்டும்தான் அடக்கும், பிழைகளை அல்ல. அந்தப் பெயரில் ஷீட்டே இல்லையென்றால் பிழை 9 வந்து மேக்ரோ நின்றுவிடும். அதற்கு ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட், அதாவது ‘பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போ’ என்ற கட்டளை. இதை மேக்ரோவின் தலையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எல்லாப் பிழையும் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டு, தப்பான கணக்கு சரியானதுபோல் வந்து நிற்கும். சந்தேகமுள்ள அந்த ஒரு வரிக்கு முன் போடுங்கள், அடுத்து எர்.நம்பர் (பிழை எண்) பூஜ்யமா, அதாவது பிழை இல்லையா என்று பாருங்கள், அப்புறம் ஆன் எர்ரர் கோடூ 0 போட்டுப் பழையபடி பிழையில் நிற்க வையுங்கள்.

எனேபிள்‌ஈவென்ட்ஸ் (ஷீட்டில் மாற்றம் போன்ற நிகழ்வுகளுக்குத் தானாக ஓடும் நிரல்களை அனுமதிக்கும் அமைப்பு) அப்படியல்ல; ஃபால்ஸ் ஆக்கினால் தானாக ட்ரூவுக்குத் திரும்பாது. அதை ட்ரூ ஆக்கும் வரி, பிழை வந்தாலும் ஓடும் இடத்தில் இருக்கட்டும்.